கடைசி ரோப் காரிலிருந்து திட்டம் போடுங்கள்: ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்கு ஒருநாள் நடை

நான் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு வந்த முதல் கோடையில் நண்பர்கள் நாலு பேராக ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம். எந்த ரயில், எங்கே காபி, யார் புளிசாதம் கட்டுவது என்று முந்தின இரவு பன்னிரண்டு மணி வரை பேசியாயிற்று. திரும்புவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீழே இறங்கும் கடைசிப் பேருந்து ஐந்தரைக்கே போய்விட்டது என்பது ஆறு மணிக்கு நிறுத்தத்தில் நின்று அட்டவணையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம் ஊரில் ஒரு பஸ் போனால் இன்னொன்று வரும். அங்கே அடுத்தது மறுநாள் காலை. செல்போன் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் தார்ச்சாலையில் இறங்கினோம். புளிசாதம் மட்டும் நன்றாக இருந்தது.

அன்று கற்ற ஜெர்மன் சொல் 'லெட்ஸ்டெ டால்ஃபார்ட்'. பள்ளத்தாக்குக்கு இறங்கும் கடைசி வண்டி என்று பொருள். ரோப் கார் நிலையங்களின் வாசலில் இந்தச் சொல்லும் பக்கத்தில் ஒரு நேரமும் எழுதியிருக்கும். மலைக் கிராமப் பயணத்தின் திட்டம் அந்த நேரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். எப்படி என்பதை ஒரே ஒரு வழியை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கு நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

முதல் ஊர்

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மியூரென், அதற்குக் கீழே உள்ள கிம்மல்வால்ட். இரண்டும் லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்துப் பாறைச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. மியூரென் சுமார் 1,640 மீட்டர் உயரம், கிம்மல்வால்ட் 1,360 சொச்சம். இரண்டு ஊருக்கும் காரில் போக முடியாது. எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும்.

அழகைவிட முக்கியமான காரணம் வேறு. இந்த வழியில் ஏற்றத்தை ரோப் கார் பார்த்துக்கொள்கிறது. நாம் நடப்பது பெரும்பாலும் சமதளம், அப்புறம் இறக்கம். அதோடு பாதியில் கைவிடவும் வழி இருக்கிறது: ரோப் கார் கொண்டுபோய் விடும் குரூச்சால்ப்பிலிருந்து மியூரெனுக்குப் போகும் நடைபாதை ஒரு குட்டி ரயில் பாதையை ஒட்டியே போகிறது. குழந்தை அழுதாலும், மாமியாருக்குக் கால் வலித்தாலும், நடுவில் விண்டரெக் நிலையத்தில் ரயிலைப் பிடித்துவிடலாம். முதல் நடைக்கு ஊர் தேடும்போது, பாதியில் இப்படி விட்டுவிட வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஊர் மூன்றாவது நடைக்கு.

பின்னோக்கிக் கணக்கு

நம்மவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை கிலோமீட்டர்?' என்றுதான். மலைப்பாதைப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம் மட்டுமே இருக்கும். அந்த நேரம் சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவரை வைத்துப் போட்டது. ஓய்வு, சாப்பாடு, போட்டோ எதுவும் அதில் சேராது. சுவிஸ்காரர்கள் அந்த நேரத்துக்குள் நடந்துவிடுவார்கள். எழுபது வயதுப் பாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்து ரோஷப்படாதீர்கள். புதிதாக நடப்பவர்கள் பலகை நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகள் இருந்தால் இரண்டால்.

மாலை ஐந்தரைக்குள் கிம்மல்வால்ட்டிலிருந்து ரோப் காரில் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வண்டி அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். இருந்தாலும் கடைசிக்கு முந்தினதையாவது குறி வைப்பது என் பழக்கம். ஒரு மணி நேரம் உபரி ஒதுக்கினால் நாலரைக்குக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். ஊருக்குள் சுற்ற ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் மூன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். மியூரெனிலிருந்து கிம்மல்வால்ட் இறங்கப் பலகை முக்கால் மணிக்கும் குறைவாகத்தான் சொல்லும். நமக்கு ஒரு மணி. ஆக இரண்டரைக்கு மியூரெனை விட வேண்டும். சாப்பாட்டுக்கும் அந்த ஊரைப் பார்க்கவும் இரண்டரை மணி நேரம் தந்தால் பன்னிரண்டுக்கு மியூரென். குரூச்சால்ப்பிலிருந்து மியூரென் பலகைக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி வரும். நமக்கு இரண்டு மணிக்குள் ஆகும். பத்தேகாலுக்கு நடை தொடங்க வேண்டும் என்றால் பேர்னில் எட்டரைக்கே ரயில் ஏற வேண்டும்.

இப்படிப் போட்டுப் பார்க்கும்போதுதான் 'ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து பத்து மணிக்குக் கிளம்பலாம்' என்ற பேச்சு தானாக அடங்கும்.

சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் ரயில், பேருந்து, ரோப் கார் எல்லாம் ஒரே தேடலில் வரும். 'கிம்மல்வால்ட் முதல் பேர்ன்' என்று திரும்பும் வழியை முதலில் தேடி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குத் தேடும்போது பேருந்துக்குப் பக்கத்தில் தொலைபேசிப் படம் இருந்தால், அது கூப்பிட்டால்தான் வரும் வண்டி. முன்பதிவு செய்யாவிட்டால் நிறுத்தத்தில் நாம் மட்டும் நிற்போம். சின்ன ரயில் நிலையங்களிலும் சில இடங்களில் பொத்தானை அமுக்கினால்தான் வண்டி நிற்கும்.

அப்புறம் 'ரெவிசியோன்'. ஏப்ரல், நவம்பர் மாதங்களை ஒட்டிப் பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காகச் சில நாட்களோ வாரங்களோ நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால் முதல் வேலை இதைப் பார்ப்பது.

டிக்கெட்

சுவிட்சர்லாந்தில் வசிப்பவர் என்றால் ஹால்ப்டாக்ஸ் அட்டை இல்லாமல் மலைப்பக்கம் போகாதீர்கள். ஆண்டுக்கு 190 பிராங்க் அளவில் ஆகும். ரயிலிலும் பெரும்பாலான ரோப் கார்களிலும் பாதிக் கட்டணம். நாலைந்து மலைப் பயணத்தில் போட்ட பணம் வந்துவிடும். 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 30 பிராங்குக்கு யூனியர் அட்டை உண்டு; பெற்றோருடன் போனால் ஆண்டு முழுவதும் இலவசம். 6 வயதுக்குக் கீழ் அட்டையே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, ஊராட்சி அலுவலகங்கள் விற்கும் ஒருநாள் பாஸ். ஹால்ப்டாக்ஸ் உள்ளவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் 39 பிராங்கிலிருந்து கிடைக்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பயணத்துக்கு முந்தின நாளோடு விற்பனை முடிந்துவிடும். சுற்றுலாவாக வருபவர்களுக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் மியூரென் வரை செல்லும். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வானம்

ஜூலை, ஆகஸ்டில் காலை பளிச்சென்று இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் சிகரங்களுக்குப் பின்னால் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பும், நாலு மணிக்கு இடி. இந்தக் காரணத்துக்காகவும்தான் காலையில் கிளம்பச் சொல்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணி முடிப்பதற்குள் சத்தம் கேட்டால், திறந்த மேட்டையும் தனி மரத்தையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

மெட்டியோஸ்விஸ் செயலியில் பார்க்க வேண்டியது நீங்கள் போகும் ஊரின் வானிலையை. வீடு இருக்கும் ஊரின் வானிலை அங்கே உதவாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே ரயில் மாறும் இன்டர்லாக்கனில் சட்டையோடு வேர்த்துக்கொண்டு நிற்பவர் மியூரெனில் நிழலுக்குப் போனதும் ஸ்வெட்டர் தேடுவார்.

இலையுதிர் காலத்தில் இது தலைகீழாவதும் உண்டு. நவம்பரில் பேர்ன் ஒரு வாரம் முழுக்கச் சாம்பல் நிறப் பனிமூட்டத்துக்குள் கிடக்கும். அது தாழ்வான மூட்டம். அதன் மேல் விளிம்பு எத்தனை மீட்டரில் என்று வானிலை அறிக்கையிலேயே சொல்வார்கள். அது ஆயிரம் என்றால் ஆயிரத்து அறுநூறில் இருக்கும் ஊரில் சுள்ளென்று வெயில். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றிவைத்த மாதிரி இருக்கும். கிளம்புமுன் அந்த ஊரின் வெப்கேமராவை ஒரு தடவை பாருங்கள். மலைக் கிராமங்கள் பலவற்றிலும் ஒன்று உண்டு.

ஜூன் தொடக்கத்தில் 2,000 மீட்டருக்கு மேல் பனி மிச்சமிருக்கும். வெயிலடிக்கிறதே என்று ஏறிப்போய், நிழல் சரிவில் இறுகிக் கிடக்கும் பனியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

பலகையின் நிறம்

சுவிட்சர்லாந்தில் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் மட்டும் இருந்தால் சாதாரண நடைபாதை. பலகையின் முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. செங்குத்து, குறுகல், சில இடங்களில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி, தலைசுற்றுபவர்களுக்கு ஆகாது. வெள்ளை-நீலம்-வெள்ளையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்; அது பாறையிலும் பனியாற்றிலும் கயிற்றோடு போகத் தெரிந்தவர்களுக்கு. பனிக்காலத்தில் நடக்கும் பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை.

பாதையின் குறுக்கே 'கெஷ்பெர்ட்' என்று பலகை தொங்கினால் மூடியிருக்கிறது என்று பொருள். யாரோ இரண்டு பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள் என்பதற்காக நாமும் போகக் கூடாது. 2025 மே 28 அன்று லோச்சன்டால் பள்ளத்தாக்கில் பனியாறு இடிந்து விழுந்து பிளாட்டன் என்ற கிராமத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. அங்கிருந்த சுமார் 300 பேரையும் அதற்குச் சில நாட்கள் முன்பே வெளியேற்றியிருந்ததால்தான் பெரிய உயிர்ச்சேதம் தப்பியது. அந்த மலைகளில் ஒரு பாதையைச் சும்மா மூடமாட்டார்கள். ஸ்விஸ்டோப்போ செயலியின் வரைபடம் இலவசம். அதில் மூடிய பாதைகளையும் காட்டும்.

பையில் என்ன

வெறுங்காலில் சபரிமலை ஏறியவர்கள்தானே நாம் என்று செருப்போடு வருபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். ஏறுவதில் பிரச்சினை இல்லை. ஈரப் புல்லும் சாணமும் கலந்த இறக்கத்தில்தான் தெரியும். அடிப்பகுதி பள்ளம் பள்ளமாக இருக்கும் ஷூ போதும். விலை உயர்ந்த பூட்ஸ் முதல் நடைக்குத் தேவையில்லை. முட்டி வலி உள்ளவர்கள் இரண்டு கம்பு எடுத்துக்கொள்ளட்டும். பழநிப் படியில் இறங்கும்போது எந்த முட்டி பேசுமோ அதே முட்டிதான் இங்கேயும் பேசும்.

மழைச் சட்டை, ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், தொப்பி, சன்ஸ்கிரீன். 'நம்ம தோலுக்கு எதுக்கு?' என்று கேட்டவர்கள் மாலையில் மூக்குத் தோல் உரிந்து நிற்பார்கள். உயரத்தில் வெயில் அப்படி. சில்லறைக் காசு கொஞ்சம். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

தண்ணீருக்குப் பெரிய பாட்டில் சுமக்க வேண்டாம். கிராமத்துக்குக் கிராமம் மரத்தாலோ கல்லாலோ ஆன ஒரு தொட்டியும், குழாயிலிருந்து இரவு பகலாக விழும் தண்ணீரும் இருக்கும். 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அப்படி எழுதாத கிராமத்துத் தொட்டிகளில் குழாயடியில் பிடித்துக் குடிக்கலாம். தொட்டியில் காலை நனைக்காதீர்கள். மாடும் அதில்தான் குடிக்கிறது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே உத்தமம். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஆறினாலும் ருசிக்கும். உணவகத்தில்தான் சாப்பிடுவேன் என்றால் ஒன்றரைக்குள் போங்கள். பல இடங்களில் அதற்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், கேக்கும் காபியும்தான். அவர்கள் மேஜையில் உட்கார்ந்து நம் டப்பாவைத் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்; பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை திறந்திருக்கும்.

போகும் நாள்

பேர்னிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே மாறும் ரயிலில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே வண்டியாக நிற்கும். ட்ஸ்வைலூச்சினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி லவுட்டர்புரூனனுக்கும் மறுபாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். எந்தப் பெட்டி எங்கே என்று நடைமேடைத் திரையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் எழுதியிருக்கும். நான் ஒருமுறை பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் தூங்கிப்போய் கிரிண்டல்வால்டில் கண் விழித்தேன். மனைவி இன்றும் அதை விருந்தாளிகளிடம் சொல்கிறாள்.

இருபது நிமிடத்தில் லவுட்டர்புரூனன். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவி ஊரின் தலைமேலேயே தெரியும். எல்லோரும் அதன் அடிவாரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ரோப் காருக்குப் போங்கள். அருவி மாலையிலும் அங்கேதான் இருக்கும். இந்த ரோப் காரில் ஏறுமுன் குனிந்து பார்த்தால் கூண்டுக்கு அடியில் ஒரு சரக்குத் தட்டு தெரியும். மேலே இருக்கும் ஊர்களுக்கு வேண்டிய மளிகை, பீர்ப் பீப்பாய், கட்டுமானச் சாமான் எல்லாம் நம் காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டு கூடவே ஏறும். மியூரெனில் காபி ஏன் அந்த விலை என்பது இங்கேயே புரிந்துவிடும்.

மேலே குரூச்சால்ப்பில் இறங்கியதும் ரயில் தயாராக நிற்கும். அதில் ஏறாமல் மஞ்சள் பலகையைப் பிடித்து நடங்கள். காட்டு நிழல், நடுவில் ஓடைகள், இடப்பக்கம் மூன்று சிகரங்கள். எதிரே வருபவர்கள் 'க்ருயெசெக்' என்பார்கள். பேர்ன் பக்கத்து வணக்கம் அது. நாமும் சொல்ல வேண்டும். ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசாதவர்கூட மலையில் வணக்கம் சொல்வார்.

மாடு, வேலி, புல்

பாதை மேய்ச்சல் நிலத்துக்குள் புகும் இடத்தில் மெல்லிய கம்பி குறுக்கே இருக்கும். மின்சாரம் பாயும் வேலி. நடுவில் பிளாஸ்டிக் கைப்பிடியோடு ஒரு கொக்கி இருக்கும். கைப்பிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, உள்ளே போனதும் மறுபடி மாட்டிவிட வேண்டும். பின்னால் ஆள் வந்தாலும் சரி, மாட்டிவிடுங்கள். திறந்துவிட்டுப் போனால் மாடு ரயில் பாதைக்குப் போகும்.

மாட்டைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்: கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவின் பக்கத்தில் போகாதீர்கள். நம் வீட்டு லட்சுமி மாதிரி அது ஆளுக்குப் பழகியதில்லை. கன்றைத் தடவுவது, தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுந்து போவது, செல்ஃபி எதுவும் வேண்டாம். பாதையை அடைத்து நின்றால் தூரமாகச் சுற்றிப் போங்கள்.

ஜூன் மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து பூத்துக் கிடக்கும் புல்வெளியில் படம் எடுக்க இறங்கத் தோன்றும். அது மாட்டின் பனிக்காலத் தீவனம். மிதித்துச் சாய்ந்த புல்லை அறுக்க முடியாது. மியூரெனிலிருந்து இறங்கும் வழியில், இயந்திரம் நிற்காத சரிவில் ஒரு பெரியவர் நீளக் கைப்பிடி அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறேன். நெல் வயலுக்குள் யாராவது இறங்கி ஆடினால் நமக்கு எப்படி இருக்கும்?

கிம்மல்வால்ட்டில்

மியூரெனில் ஹோட்டல்கள், கடை, கூட்டம் எல்லாம் உண்டு. கிம்மல்வால்ட் நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். வெயிலில் கறுத்துப்போன மரவீடுகள், சுவரோரம் ஒரே அளவில் வெட்டி அடுக்கிய விறகு. நாம் நடக்கும் சந்து அவர்கள் வீட்டு முற்றத்தை உரசிக்கொண்டு போகும். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்ற ஊரில் ஒரு கொரியத் தொடரைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் தாங்காமல், 2023-இல் படகுத்துறைக்கு வாயில் போட்டு 5 பிராங்க் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனி, சில்லறைக்கு வருகிறேன். இது மாதிரிப் பண்ணை ஊர்களில் வீட்டு வாசலிலோ கொட்டகையிலோ ஒரு பழைய குளிர்ப்பெட்டி இருக்கும். உள்ளே பாலாடைக்கட்டித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எடையும் விலையும். பக்கத்தில் துளை போட்ட தகர டப்பா. ஆள் இருக்காது. எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பணம் செலுத்தும் ட்விண்ட் செயலிக்கான க்யூஆர் கட்டம் ஒட்டியிருந்தாலும், சுவிஸ் வங்கிக் கணக்கு இல்லாத விருந்தாளிக்கு நாணயம்தான் கை கொடுக்கும். மீதி தர ஆள் இல்லை என்பதால் ஐம்பது பிராங்க் நோட்டு அங்கே செல்லாக்காசு. கோடை மேய்ச்சலில் செய்த பாலாடைக்கட்டி கிடைத்தால் விடாதீர்கள். வாசனை தூக்கலாக இருக்கும், ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு பார்த்தேன், தப்பில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

ஆம்புலன்ஸ் 144. ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பான ரேகா 1414. ரேகா செயலியில் அழைத்தால் நிற்கும் இடமும் சேர்ந்தே போய்விடும். சிக்னல் இல்லையென்றால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் உதவிக்கான அடையாளம். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்கினால் 'உதவி வேண்டும்'. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் 'வேண்டாம்'. மகிழ்ச்சியில் இரண்டு கையையும் ஆட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னாலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த நடைகளுக்கு

இரண்டு மூன்று தடவை பழகியபின் தூரத்து ஊர்களுக்குப் போகலாம். கீழ் எங்கடீன் பள்ளத்தாக்கில் 1,650 மீட்டர் உயரத்தில் குவார்டா. சுவர்ச் சுண்ணாம்பைக் கீறி வரைந்த கோலம் போன்ற சித்திரங்களோடு தடித்த சுவர் வீடுகள். கார் ஓடாத பெட்மரால்ப்பில் தங்கி நடந்தால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ஷைப் பார்க்கலாம். இத்தாலிய எல்லையோரச் சோலியோவுக்கு அக்டோபரில் போங்கள்; சுற்றிலும் செஸ்ட்நட் தோப்புகள். இவற்றில் சில ஒருநாளில் முடியாது, பேர்னிலிருந்து போய்வரப் பார்க்க வேண்டாம்.

கிம்மல்வால்ட்டிலிருந்து ரோப் காரில் ஷ்டெகல்பெர்க் இறங்கினால் லவுட்டர்புரூனனுக்குப் பேருந்து நிற்கும். அந்த நிலையத்திலிருந்து நேரே மியூரெனுக்கு 2024 டிசம்பரில் திறந்த புது ரோப் கார் போகிறது. 159 சதவீதச் சரிவு, உலகிலேயே மிகச் செங்குத்தானது. தலைசுற்றாதவர்கள் இன்னொரு நாள் அதில் ஏறிப் பார்க்கலாம். லவுட்டர்புரூனனில் ரயிலுக்குப் பெட்டி பார்த்து ஏற வேண்டியதில்லை. ட்ஸ்வைலூச்சினனில் இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே வண்டியாக இன்டர்லாக்கன் போய்விடும், தூங்கலாம்.